வெளியே நிற்பவருக்கு ஒரு பெயர்

கோயம்புத்தூரிலிருந்து வடமேற்குத் திசையில் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் சென்றால் ஆனைகட்டி என்னும் ஊரை அடையலாம். யானையைக் கட்டிய இடம் என்று கேட்ட அளவிலேயே பொருள் தோன்றும் பெயர் அது. அவ்வூரின் ஒரு பாதி தமிழ்நாட்டில் இருக்கிறது. மறு பாதி கேரளத்தின் பாலக்காட்டு மாவட்டத்தில், அட்டப்பாடி மலைப்பகுதியில் இருக்கிறது. கொடுங்கரைப் பள்ளம் எல்லையை ஒட்டி ஓடுகிறது. இப்பக்கத்துப் பேருந்தின் பலகை தமிழிலும், அப்பக்கத்துப் பேருந்தின் பலகை மலையாளத்திலும் எழுதப்பட்டிருக்கும். இருளர், முதுகர், குறும்பர் என்னும் பழங்குடியினர் தத்தம் மொழிகளைப் பேசுகின்றனர். இத்தகைய ஓர் எல்லையூரில் நிற்கும்போது ஒரு வினா இயல்பாகவே எழுகிறது. ஒரு கூட்டத்தார் தம்முள் ஒருவர் அல்லாதவரை, அருகில் நின்று பார்த்துக்கொண்டிருப்பவரை, என்ன பெயரிட்டு அழைக்கின்றனர்? அந்தப் பெயருக்கும் ஒரு வரலாறு உண்டன்றோ?

இதனைத் தமிழ் இலக்கணம் நெடுநாளைக்கு முன்பே எண்ணிப் பார்த்திருக்கிறது. 13-ஆம் நூற்றாண்டில் நன்னூல் இயற்றிய பவணந்தி முனிவர், தகுதி வழக்கை மூன்றாகப் பகுத்தார். இடக்கரடக்கல், மங்கலம் என்னும் இரண்டோடு மூன்றாவதாக அவர் வைத்தது குழூஉக்குறி. ஒரு குழுவினர் தமக்குள்ளே மட்டும் விளங்கும்படி ஒரு பொருளுக்கு வேறொரு பெயர் வைத்துக்கொள்வதே அது. பொற்கொல்லர் பொன்னைப் ‘பறி’ என்பர் என்றும், வேடர் கள்ளைச் ‘சொல்விளம்பி’ என்பர் என்றும், யானைப்பாகர் ஆடையைக் ‘காரை’ என்பர் என்றும் உரைகாரர் எடுத்துக்காட்டுவர். குடித்தவனைப் பேசவைக்கும் பொருளுக்குச் ‘சொல்விளம்பி’ என்று பெயரிட்டவரின் குறும்பை எண்ணினால் இன்றும் நகைப்பு உண்டாகும். யானை கட்டிய இடத்திலும் ஒரு காலத்தில் பாகர்கள் ஆடையைக் காரை என்று சொல்லித் தம்முள் சிரித்திருக்கலாம் என்று எண்ணுவதில் நமக்கு ஓர் இன்பம் உண்டு. ஆயினும் அது நம் கற்பனையே.

குழூஉக்குறிக்கு இருவர் மட்டும் போதார். மூன்றாமவர் ஒருவர் வேண்டும். பேசுபவரும் கேட்பவரும் மட்டுமே இருப்பாராயின் மறைக்க வேண்டிய தேவை எழாது. அருகில் ஒருவர் நிற்கிறார் என்பதனாலேயே அந்தச் சொல் பிறக்கிறது. பொள்ளாச்சி மாட்டுச் சந்தையை நினைவுகூர்க. தரகரும் வாங்குவோரும் ஒரு துண்டைக் கைகளின்மேல் போர்த்திக்கொண்டு, அதனுள்ளே விரல்களைப் பிடித்து விலை பேசி முடிப்பர். வாய் திறப்பதில்லை. சுற்றி நிற்பவர் துண்டை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பர். அந்தத் துண்டு போர்த்தப்பட்டது மாட்டுக்காக அன்று, பார்த்துக்கொண்டிருப்பவருக்காகவே என்பது தெளிவு.

இன்னும் பின்னோக்கிச் சென்றால், சங்க அகப்பாடல்களின் உலகிலும் இதனையே காண்கிறோம். தலைவனும் தலைவியும் பிறர் அறியாமல் சந்திக்கும் இடத்துக்குக் குறியிடம் என்று பெயர். பகலில் சந்திப்பது பகற்குறி. இரவில் சந்திப்பது இரவுக்குறி. தலைவன் செய்யும் அடையாள ஒலியென்று வேறோர் ஒலியைக் கருதித் தலைவி ஏமாந்து திரும்புவது அல்லகுறி. அவர்களைச் சுற்றி நின்று அரைகுறையாக முணுமுணுக்கும் ஊரார் பேச்சு அம்பல். அது பலரும் அறியப் பரவினால் அலர். இவ்வுறவை அறியாமல் தலைவியை மணம் பேச வரும் அயலாருக்கு நொதுமலர் என்று பெயர். நொதுமல் என்பது பகையும் அன்று, நட்பும் அன்று. இரண்டுக்கும் இடைப்பட்ட நிலை. உள்ளே நடப்பது இன்னதென்று அறியாத வெளியாளுக்கு இத்தனை பண்பான பெயரை நம் முன்னோர் வைத்திருந்தனர் என்பது கருதத்தக்கது.

இப்பழஞ்செய்தியை இக்கால விளையாட்டு ஒன்று நமக்கு மீண்டும் நினைவூட்டுகிறது. செயற்கைக்கோள்கள் அனுப்பும் இடங்காட்டும் குறிகளில் வேண்டுமென்றே சேர்த்துவந்த பிழையை, 2000-ஆம் ஆண்டு மே மாதம் 2-ஆம் நாள் அமெரிக்க அரசு நீக்கியது. அதனால் பொதுமக்கள் கையிலுள்ள சிறு கருவியும் ஓர் இடத்தை ஓரளவு துல்லியமாகக் காட்டலாயிற்று. மறுநாளே டேவ் உல்மர் என்பவர் ஆரிகன் மாநிலத்தில் ஒரு வாளியை மறைத்துவைத்து, அவ்விடத்தின் அட்சரேகையையும் தீர்க்கரேகையையும் வெளியிட்டார். வாளிக்குள் ஒரு குறிப்பேடும் பென்சிலும் சில சிறு பொருள்களும் இருந்தன. தேடிக் கண்டவர் தம் பெயரை எழுதிவிட்டு, ஒரு பொருளை எடுத்துக்கொண்டு வேறொன்றை வைத்துச் செல்லலாம். அம்மாதமே இவ்விளையாட்டுக்கு ஜியோகேச்சிங் என்ற பெயர் ஏற்பட்டது. பின்னர் உலகெங்கும் பரவியது.

இங்கும் அந்த மூன்றாமவர் தோன்றிவிட்டார். பூங்காவில் காற்று வாங்க வந்தவர், நாயைக் கூட்டிக்கொண்டு நடப்பவர், விசுப்பலகையில் அமர்ந்து செய்தித்தாள் படிப்பவர் ஆகியோரின் கண்ணில் படாமல் பெட்டியை எடுக்க வேண்டும். விளையாடுவோர் அவர்களுக்கு ‘மகில்’ என்று பெயரிட்டனர். ஜே. கே. ரௌலிங் 1997-இல் வெளியிட்ட ஹாரி பாட்டர் கதையில், மந்திரம் அறியாத எளிய மக்களைக் குறிக்கும் சொல் அது. எளிதில் ஏமாறுபவரைக் குறிக்கும் ஓர் ஆங்கிலச் சொல்லிலிருந்து, கேட்பதற்கு இனிமையாக இருக்கும்படி அதனை ஆக்கியதாக ஆசிரியரே கூறியிருக்கிறார். விளையாட்டை அறியாத ஒருவர் பெட்டியைக் கண்டு எடுத்துச் சென்றுவிட்டால், பெட்டி ‘மகில் ஆகிவிட்டது’ என்னும் பொருள்பட அவர்கள் பேசுவர். பழிப்பும் பரிவும் பாதிப் பாதியாகக் கலந்த சொல் இது. மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நாம் இதற்குத் தமிழ் தேடினால், ‘வெளியார்’ என்பது வறண்டு நிற்கிறது. ‘ஏதிலார்’ என்பது சற்றுக் கடுமையாக ஒலிக்கிறது. ‘நொதுமலர்’ என்பதே நெருங்கி வருகிறது. ஆனால் அச்சொல்லில் குறும்பு இல்லை.

குறும்பும் பொருளும் ஒருங்கே அமைந்த சொல் ஒன்று ஆனைகட்டிக்கு அப்பால், அட்டப்பாடியில் வழங்குகிறது. அங்குள்ள ஆதிவாசிகளுக்கு எதிராக, பின்னர் வந்து குடியேறியவர்களுக்கு ‘வந்தவாசி’ என்று பெயர். தொண்டை நாட்டில் 1760-இல் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் பொருத வந்தவாசி வேறு. இந்த வந்தவாசி வேறு. ஆதியில் வாழ்ந்தவர் ஆதிவாசி, பிறகு வந்தவர் வந்தவாசி என்று சொல்லைச் சற்றே திருப்பிவிட்ட அளவில், ஒரு நிலத்தின் வரலாறு முழுவதும் அதனுள் அடங்கிவிடுகிறது.

அவ்வரலாறு யாது? 1951-ஆம் ஆண்டின் மக்கள் கணக்கெடுப்பில் அட்டப்பாடியில் வாழ்ந்தோருள் பத்தில் ஒன்பது பேர் பழங்குடியினர். 2001-ஆம் ஆண்டிலோ அவர்கள் பத்தில் நான்கு பேர் என்னும் அளவினர் ஆயினர். தமிழ்நாட்டுப் பக்கத்திலிருந்து சென்றவர்களும், திருவிதாங்கூர்ப் பக்கத்திலிருந்து வந்தவர்களும் அந்நிலத்தில் குடியேறினர். பழங்குடியினரின் நிலங்கள் பல கைமாறின. கைமாறிய நிலத்தை மீட்டுத் தருவதற்காகக் கேரளச் சட்டமன்றம் 1975-இல் ஒரு சட்டம் இயற்றியது. அதனைச் செயற்படுத்தும் விதிகளோ 1986-இல்தான் வந்தன. 1999-இல் வேறொரு சட்டம் அதன் இடத்துக்கு வந்தது. இதற்கிடையில், முன்பு உள்ளே இருந்தவர் தம் நிலத்தருகே நின்று பார்த்துக்கொண்டிருப்பவர் ஆனார். வெளியே நின்றவர் உள்ளே வந்தார். வந்தவாசி என்னும் சொல் வேடிக்கையாகப் பிறந்திருக்கலாம். ஆனால் அதைச் சொல்பவரிடம் சொல் ஒன்றே எஞ்சியிருந்தது என்பதை நாம் மறத்தல் ஆகாது.

தமிழராகிய நாம் இதனைக் கேட்டுவிட்டு, யாரோ சிலரைப் பற்றிய செய்தி என்று எளிதில் கடந்துவிட இயலாது. டெல்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் வாழும் நாம் அனைவரும் ஒருவகையில் வந்தவாசிகளே. 1956 நவம்பர் 1-ஆம் நாள் வரை அட்டப்பாடி, மலபார் மாவட்டத்தைச் சேர்ந்த பகுதியாகச் சென்னை மாகாணத்திலேயே இருந்தது. அன்று மாநில எல்லை மாறியபோது, வீட்டைவிட்டு ஓர் அடி எடுத்து வைக்காமலே அங்கிருந்த தமிழர் பிறமாநிலத் தமிழர் ஆயினர். பின்னாளில் இடுக்கி மாவட்டத்தைச் சேர்ந்த தேவிகுளம், பீர்மேடு பகுதிகளின் தேயிலைத் தோட்டத் தமிழருக்கும் அந்நாள் முதல் கேரளமே மாநிலமாயிற்று.

அங்கே தமிழருக்கு வழங்கும் பெயர் ‘பாண்டி’. பாண்டிய நாட்டைக் குறித்த பெருமைமிக்க சொல் அது. ஆயினும் தமிழ்நாட்டிலிருந்து வரும் சரக்கு வண்டி ‘பாண்டி லாரி’ ஆனபோது அதில் ஏளனமும் ஏறிக்கொண்டது. அதே சொல் திருச்சூர்ப் பூரத்தில் இலஞ்சித்தறையில் முழங்கும் பாண்டி மேளத்தின் பெயரிலும் நிற்கிறது. அங்கே அதனைக் கேட்க மக்கள் ஆயிரக்கணக்கில் திரள்கின்றனர். வடக்கே நமக்கு வைத்த பெயர் ‘மதராசி’. சென்னை மாநிலம் 1969-இல் தமிழ்நாடு ஆயிற்று. மெட்ராஸ் நகரம் 1996-இல் சென்னை ஆயிற்று. மதராசி என்னும் சொல் மட்டும் ஊர் போன பின்னும் நிலைத்து நிற்கிறது. கன்னடரும் தெலுங்கரும் மலையாளிகளும் அதற்குள்ளேயே அடக்கப்பட்டனர். 1960-களின் பிற்பகுதியில் பம்பாயில் தென்னாட்டாருக்கு எதிராகக் கிளர்ச்சி எழுந்தபோது, இத்தகைய கேலிப்பெயர்கள் சிரிப்போடு நின்றுவிடவில்லை.

நம் கையும் தூயது என்று சொல்வதற்கில்லை. வட்டிக்கடை வைத்தவரையெல்லாம் ‘சேட்டு’ என்றோம். இன்று கோவையிலும் திருப்பூரிலும் ஆலைகளில் உழைக்க வரும் பீகார், ஒடிசா மக்களை ‘வடக்கன்’ என்று ஒரே சொல்லில் அடைத்துவிடுகிறோம். மதராசி என்றபோது நம் நெஞ்சில் தைத்த முள், அச்சொல்லைக் கேட்பவர் நெஞ்சிலும் தைக்கும் அன்றோ?

ஆகவே ஒரு சொல் வேடிக்கையா, வசையா என்று அறிய எளிய அளவுகோல் ஒன்று உண்டு. அப்பெயருக்கு உரியவர் அதனைத் தாமும் அறிந்து, தாமும் சிரித்து, விரும்பினால் உள்ளே வரலாம் என்றால் அது விளையாட்டு. மகில் எனப்பட்டவர் மறுநாளே அப்பெட்டியைத் தேடி வரலாம். குறிப்பேட்டில் அவர் பெயருக்கும் இடம் உண்டு. உள்ளே வரும் வழியை அடைத்துவிட்டு வெளியே நிற்பவருக்கு வைக்கும் பெயர் விளையாட்டு ஆகாது.

ஆனைகட்டி வழியே என்றேனும் செல்ல நேர்ந்தால், எல்லையில் சற்று இறங்கி நிற்போம். யார் யாரை என்ன பெயரால் அழைக்கின்றனர் என்று செவி கொடுத்துக் கேட்போம். நம்மைக் குறித்து அங்கே ஒரு சொல் எழுந்தால் சினம் கொள்ளாது, அது எப்படிப் பிறந்தது என்று வினவுவோம். பிறரைக் குறித்து நம் நாவில் ஒரு சொல் எழுமாயின், அதனை அவர் முன்னிலையிலும் சொல்ல நமக்குத் துணிவு உண்டா என்று எண்ணிப் பார்த்துச் சொல்வோம்.