சொந்தத்துல கல்யாணமா? - விழித்திரைப் படம் குறித்துச் சில குறிப்புகள்

அக்கா மகனுக்கு மாலைக்கண் என்றுதான் வீட்டில் வெகுகாலம் சொல்லிக்கொண்டிருந்தோம். முருங்கைக்கீரை, மீன் எண்ணெய் எல்லாம் கொடுத்துப் பார்த்தாயிற்று. கடைசியில் சொட்டு மருந்து விட்டு, கண்ணின் உள்ளே படம் எடுத்துப் பார்த்த டாக்டர் முதலில் கேட்டது இதுதான்: "சொந்தத்துல கல்யாணமா?" அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். அவளைக் கட்டியவர் எங்கள் தாய்மாமன். அந்தக் கல்யாணத்தை முடிவு செய்தவர்கள் யாரும் அந்த அறையில் இல்லை. பதில் சொல்ல வேண்டியவளாக அவள் மட்டும் இருந்தாள்.

இந்தக் கேள்விக்கு 160 வயதுக்கு மேல் ஆகிறது. 1851-இல் ஹெல்ம்ஹோல்ட்ஸ் ஆப்தால்மாஸ்கோப்பை வெளியிட்டதற்குப் பிறகுதான் உயிரோடிருப்பவரின் விழித்திரை மருத்துவரின் பார்வைக்குள் ஒழுங்காக வந்தது. விழித்திரையில் கறுப்புத் திட்டுகள் படியும் இந்த நோய்க்கு டச்சு மருத்துவர் டோண்டர்ஸ் 'ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா' என்று பெயர் வைத்தார். அழற்சி என்று அர்த்தம் தருகிற பெயர். இது அழற்சியல்ல, மரபணுப் பழுதால் ஒளியுணரும் செல்கள் கொஞ்சம் கொஞ்சமாகச் சாவது. தப்பென்று தெரிந்தும் பெயர் இன்றுவரை மாறவில்லை.

பெர்லினில் காது கேளாதவர்களின் கண்களுக்குள் பார்த்த லீப்ரைக், 1861-இல் இந்நோயை இரத்த உறவில் நடந்த திருமணங்களோடு இணைத்து எழுதினார். யூதர்கள் அவர் கணக்கில் தனியாக எண்ணப்பட்டார்கள். (பின்னாளில் இதே மனிதர் லண்டனில், ஓவியர் டர்னரின் கடைசிக்கால ஓவியங்கள் மங்கியதற்குக் கண்கோளாறே காரணம் என்று 1872-இல் சொற்பொழிவாற்றினார். கலையையும் நோய்க்குறியாகவே வாசித்தார்!) அவர் கண்டது பொய்யில்லை. மெண்டலின் பட்டாணிக் கட்டுரை அச்சாவதற்கு முன்பே, ஒடுங்கிய மரபுப்பண்பு ஒன்றின் தடயத்தை அவர் தொட்டுவிட்டார். உறவுக்குள் மணப்பவர்கள் இருவரும் ஒரே பழுதைச் சுமந்திருக்கும் வாய்ப்பு கூடத்தான் செய்கிறது. ஆனால் உறவே இல்லாத மணங்களிலும் இந்நோய் வருகிறது என்பதை அந்தக் கேள்வி சொல்வதில்லை.

கண்ணுக்குள் பார்ப்பதும் குடும்பத்துக்குள் பார்ப்பதும் இப்படி ஒன்றாகவே பிறந்தன. அது எங்கே போகக்கூடும் என்பதற்கு 1933 ஜூலையில் ஜெர்மனி இயற்றிய சட்டம் இருக்கிறது. கட்டாயக் கருத்தடைக்கான அதன் பட்டியலில் பரம்பரைக் குருட்டுத்தன்மையும் ஒன்று. மருத்துவர்களே புகார் தர வேண்டும், நீதிமன்றம் தீர்ப்பளிக்கும். ஏறத்தாழ 4 லட்சம் பேர் அச்சட்டத்தின் கீழ் மலடாக்கப்பட்டார்கள். லீப்ரைக்கிலிருந்து இங்கே நேர்க்கோடு போடுவது நேர்மையாகாது. ஆனால் புதிய சட்டத்துக்குப் பழைய கேள்வி தயாராக இருந்தது.

இங்கிலாந்தில் 1886-இல் விழித்திரையை ஒளிப்படமாக்க ஜாக்மனும் வெப்ஸ்டரும் இரண்டரை நிமிடம் ஒளிபாய்ச்ச வேண்டியிருந்தது. 1991-இல் வெளிவந்த ஓசிடி, ஒளியலையைக் கொண்டு விழித்திரையை அடுக்கடுக்காக வெட்டாமல் வெட்டிக் காட்டியது. இன்று மருந்தில்லாமலேயே விழித்திரையின் சொந்த ஒளிர்வைப் படமெடுக்கிறார்கள். இந்நோயுள்ள பலருக்கு அதில் பளிச்சென்று ஒரு வளையம் தெரியும். வளையத்துக்குள்ளே இருப்பது பிழைத்திருக்கும் பகுதி. வருஷத்துக்கு வருஷம் வளையம் சுருங்குவதை அளக்கிறார்கள்.

பார்வைப்புலச் சோதனையில் வெளிச்சப்புள்ளி தெரிந்தால் பொத்தானை அழுத்த வேண்டும்; அங்கே நோயாளி சாட்சி. படத்துக்கு அவன் சாட்சியம் தேவையில்லை. "படம் என்னைய ஒண்ணும் கேக்கிறதே இல்ல மாமா" என்றான் மருமகன். இதை வெறும் புகாராக நான் எடுத்துக்கொள்ளவில்லை. களைப்பு, பயம், தப்பாக அழுத்துவது எதுவும் கலக்காத அளவு வேண்டும்தான். ஆனால் அந்த அளவே வாசற்கதவாகவும் ஆகிறது. 2017-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற லக்ஸ்டர்னா என்னும் மரபணு மருந்து, ஆர்பிஇ65 என்ற ஒரே மரபணுவின் பழுதுக்கு மட்டும்தான். அதிலும் செல்கள் போதுமான அளவு உயிரோடிருந்தால்தான். இரண்டு கண்ணுக்கும் சேர்த்து அன்று வைத்த விலை எட்டரை லட்சம் டாலர்.

இவனுடைய பழுது எந்த மரபணுவில் என்று இன்னும் தெரியாது. போன தடவை வளையம் சற்றுச் சுருங்கியிருப்பதாகச் சொன்னார்கள். "அது ஆடி மாசமே தெரியும், கட்டில் கால்ல இடிச்சிக்கிட்டேன்ல" என்றான். மூன்று பேர் இரத்தமும் கேட்டிருக்கிறார்கள். அக்காவும் அவனும் கொடுத்தாயிற்று. மாமா இன்னும் ஆஸ்பத்திரிப் பக்கம் வரவில்லை.