மினமாட்டா: தயங்கிய காவல்

ஊரின் கிணறும் சந்தையும் சாக்கடையும் யாருடைய கண்காணிப்பில் இருக்கின்றன என்பதை நாம் நாள்தோறும் நினைத்துப் பார்ப்பதில்லை. சுகாதார அதிகாரி என்று ஒருவர் இருக்கிறார். கொசு மருந்து அடிக்க ஆள் அனுப்புவார். தடுப்பூசி முகாம் நடத்துவார். அவரைப் பற்றி நம் நினைவில் நிற்பது பெரும்பாலும் அவ்வளவே. ஆனால், ஓர் ஊரின் வாழ்வும் சாவும் அத்தகைய சிறிய அலுவலகம் ஒன்றின் ஆணையைப் பொறுத்திருந்த வேளைகள் வரலாற்றில் உண்டு. ஜப்பான் நாட்டில், மினமாட்டா என்னும் கடற்கரை ஊரில், 1957 ஆம் ஆண்டில் அப்படி ஒரு வேளை வந்தது. வந்த வேளை வீணாகக் கழிந்தது. அதற்கு அந்த ஊர் கொடுத்த விலை மிகப் பெரிது.

மினமாட்டா நோய் பாதரச நஞ்சால் வந்தது என்பதைப் பலரும் அறிவர். ஆலையின் பேராசையே அதற்குக் காரணம் என்பதும் நீதிமன்றங்கள் வரை சென்று நிலைநாட்டப்பட்ட உண்மை. ஆயினும் அந்த வரலாற்றின் இன்னொரு பக்கம் அதிகம் பேசப்படுவதில்லை. நோய் எந்த வழியாக வந்தது என்பதை உள்ளூர்ச் சுகாதாரத் துறையினர் தொடக்கத்திலேயே கண்டுகொண்டார்கள். தடுக்கச் சட்டமும் இருந்தது. இருந்தும் தடை வரவில்லை. ஏன் வரவில்லை என்பதே இக்கட்டுரை ஆராயும் கேள்வி.

கடலும் ஆலையும்

ஜப்பானின் தென்பகுதியில் உள்ள கியூஷு தீவின் மேற்குக் கரையில், குமமோட்டோ மாகாணத்தின் தென்கோடியில் அமைந்தது மினமாட்டா. அதற்கு எதிரே இருப்பது ஷிரானூயி கடல். அமகுசா தீவுகள் மதில்போல் மறைத்து நிற்பதால், அலை அடங்கிய உள்கடல் அது. கரையோரக் குப்பங்களில் வாழ்ந்தவர்களுக்கு மீனே தொழில், மீனே உணவு. சோறு குறைந்த நாளிலும் மீன் குறையாத வீடுகள் அவை.

அந்த ஊரில் 1908 இல் ஓர் இரசாயன ஆலை எழுந்தது. பின்னாளில் சிஸ்ஸோ என்று பெயர்பெற்ற நிறுவனம் அது. 1932 முதல் அங்கே அசிட்டால்டிஹைடு என்னும் பொருள் உற்பத்தி செய்யப்பட்டது. அதற்கு வினையூக்கியாகப் பயன்பட்டது பாதரசம். அந்தப் பாதரசத்தில் ஒரு பகுதி, ஆலைக்குள்ளேயே மெத்தில் பாதரசம் என்னும் கொடிய சேர்மமாக மாறி, கழிவுநீரோடு விரிகுடாவில் கலந்தது. நுண்ணுயிர்களில் சேர்ந்து, அவற்றை உண்ட சிறு மீனில் மிகுந்து, சிறு மீனை உண்ட பெரு மீனில் இன்னும் மிகுந்து, கடைசியில் மனிதனின் மூளையைச் சென்றடைந்தது.

ஊரின் பிழைப்பு ஆலையோடு பின்னிக்கிடந்தது. வேலை தருவது ஆலை. நகராட்சிக்கு வரி தருவது ஆலை. ஊரின் பெரிய மருத்துவமனைகளுள் ஒன்றும் ஆலையுடையதே. ஆலையின் மேலாளராக இருந்தவரும், அசிட்டால்டிஹைடு உற்பத்தி முறையை உருவாக்கியவர்களுள் ஒருவருமான ஹஷிமோட்டோ ஹிகோஷிச்சி, பின்னர் அந்நகரின் மேயராகவே வீற்றிருந்தார். இத்தகைய ஊரில் ஆலையை நோக்கி விரல் நீட்டுவது எவருக்கும் எளிதன்று.

எனினும் எச்சரிக்கை எழாமல் இல்லை. மீன்வளம் குன்றுவதாகப் புகார் வந்தபோது, 1952 இல் மாகாண மீன்வளத் துறை அலுவலர் ஒருவர் நேரில் வந்து பார்த்தார். ஆலைக் கழிவைப் பகுத்தாய வேண்டும் என்று அறிக்கையும் கொடுத்தார். அறிக்கை கோப்பில் உறங்கிற்று.

கரையில் வாழ்ந்தவர்களின் கண் அறிக்கைக்குக் காத்திருக்கவில்லை. மீன்கள் மிதந்தன, காகங்கள் பறக்கும்போதே விழுந்தன, பூனைகள் வெறிபிடித்தாற்போல் சுழன்று துடித்துச் செத்தன. மீனவர்கள் இதைப் பூனையாட்டம் என்று பேசிக்கொண்டார்கள். பூனை உண்டதைத்தான் பிள்ளைகளும் உண்டார்கள்.

முதல் அறிவிப்பு

1956 ஏப்ரல் 21 அன்று, ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தியை ஆலை மருத்துவமனைக்குக் கொண்டுவந்தார்கள். நடை தள்ளாடியது, பேச்சுக் குழறியது, உடல் வெட்டி இழுத்தது. இரண்டே நாளில் அவளுடைய தங்கைக்கும் அதே துன்பம் வந்தது. அண்டை வீடுகளிலும் இப்படிப் பலர் இருப்பதாகத் தாய் சொன்னாள். ஆலை மருத்துவமனையின் தலைவர் ஹொசோகாவா ஹாஜிமே, காரணம் விளங்காத மூளை நரம்பு நோய் பரவிவருகிறது என்று மே 1 ஆம் நாள் மினமாட்டா சுகாதார நிலையத்துக்கு அறிவித்தார். அந்த நாளே மினமாட்டா நோய் அதிகார முறையில் கண்டறியப்பட்ட நாளாக இன்றும் கொள்ளப்படுகிறது.

சுகாதார நிலையம் உடனே இயங்கிற்று. மே மாத இறுதிக்குள் நகராட்சியும் மருத்துவர்களும் சேர்ந்து ஒரு குழு அமைத்தார்கள். தொற்றுநோயோ என்ற ஐயத்தால் வீடுகளுக்கு மருந்து தெளித்தார்கள், நோயாளிகளைத் தனிமைப்படுத்தினார்கள். நோக்கம் நல்லதே. ஆனால், அதனால் பிறந்த அச்சம் நோயுற்ற குடும்பங்களை ஊரிலிருந்து ஒதுக்கிவிட்டது. அந்த வடு நெடுங்காலம் ஆறவில்லை.

ஆகஸ்ட் மாதம் குமமோட்டோ பல்கலைக்கழக மருத்துவப் பேராசிரியர்கள் ஆய்வில் இறங்கினர். நவம்பர் மாதத் தொடக்கத்தில் முதல் முடிவு வெளிவந்தது. இது தொற்றுநோய் அன்று. ஏதோ ஒரு கன உலோக நஞ்சு. அது விரிகுடாவின் மீன், சிப்பி வழியாக உடலில் புகுகிறது. அறிவிப்பு வந்து ஆறே மாதத்தில் வழி தெரிந்துவிட்டது!

சுகாதார நிலையத்தின் தலைவர் இட்டோ ஹசுவோ அதோடு அமையவில்லை. 1957 இன் தொடக்க மாதங்களில், விரிகுடாவில் பிடித்த மீனைப் பூனைகளுக்குக் கொடுத்துச் சோதித்தார். சில வாரங்களில் பூனைகளுக்கு அதே நோய் கண்டது. பெரிய ஆய்வுக்கூடம் எதுவும் இன்றி, ஓர் உள்ளூர் அதிகாரி தம் கடமைக்குள் நின்று செய்த இந்தச் சோதனை, மீனைத் தின்றால் நோய் வரும் என்பதை ஐயமறக் காட்டிற்று.

மேலிடத்தின் மறுமொழி

ஜப்பானில் 1947 இல் இயற்றப்பட்ட உணவுச் சுகாதாரச் சட்டம், நஞ்சு கலந்த உணவை விற்பதையும், விற்பதற்காகச் சேகரிப்பதையும் தடுக்க அதிகாரம் தந்தது. அதற்கு முன்மாதிரியும் இருந்தது. ஷிஜுவோகா மாகாணத்தின் ஹமனா ஏரியில் சிப்பி உண்டவர்கள் 1942 இல் நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டிருந்தனர். 1949 இல் அங்கே மறுபடியும் நஞ்சு தலைகாட்டியது. என்ன நஞ்சு என்பது தெரியாத நிலையிலும் அந்த மாகாணம் இச்சட்டத்தைக் கையாண்டு சிப்பி எடுப்பதைத் தடுத்தது.

குமமோட்டோ மாகாணமும் இதைக் கேட்டறிந்தது. மினமாட்டா விரிகுடாவின் மீனுக்கு இச்சட்டத்தைப் பொருத்தலாமா என்று 1957 ஆகஸ்ட் மாதம் நடுவண் அரசின் சுகாதார அமைச்சகத்துக்கு எழுதிற்று. செப்டம்பர் 11 அன்று மறுமொழி வந்தது. விரிகுடாவின் மீனும் சிப்பியும் அனைத்துமே நஞ்சானவை என்பதற்குத் தெளிவான சான்று இல்லை. ஆகவே அனைத்துக்கும் சட்டத்தைப் பொருத்த இயலாது என்பதே அதன் சாரம்.

இந்த மறுமொழியை நிதானமாக எண்ணிப் பார்க்க வேண்டும். ஒரு விருந்தில் உண்ட பலர் மயங்கி விழுந்தால், பானையிலுள்ள ஒவ்வொரு பருக்கையும் நஞ்சா என்று சோதித்த பிறகுதான் பந்தியை நிறுத்துவோமா? விரிகுடாவின் கடைசி மீன்வரை பிடித்துச் சோதித்தாலன்றிக் கிடைக்காத சான்றை அமைச்சகம் கேட்டது. மாகாணமும் அதற்குப் பணிந்து அமைந்துவிட்டது. சட்டத் தடைக்கு மாறாக, விரிகுடா மீனை உண்ண வேண்டாம் என்ற அறிவுரை மட்டும் தரப்பட்டது. பிழைப்புக்கு வேறு வழி காட்டாமல் சொல்லப்பட்ட அறிவுரை, பசித்த வயிற்றின் முன் எம்மாத்திரம்?

இலண்டன் மாநகரில் 1854 இல் காலரா பரவியபோது, ஜான் ஸ்நோ என்னும் மருத்துவர், பிராட் தெருவின் அடிகுழாய் நீரே நோய்க்கு வழி என்று கணக்கிட்டுக் காட்டினார். உள்ளூர் நிர்வாகத்தினர் குழாயின் கைப்பிடியைக் கழற்றினார்கள். அந்நீரில் இருந்த கிருமி எது என்பதை அவர்கள் அறியார். ராபர்ட் கோக் கல்கத்தாவில் அக்கிருமியைப் பிரித்தெடுத்தது 30 ஆண்டு கழித்து, 1884 இல். நோயின் வழியை அடைக்க நோயின் பெயர் தெரிய வேண்டியதில்லை என்பது பொதுச் சுகாதாரத்தின் பால பாடம். மினமாட்டாவில் மறக்கப்பட்டது அந்தப் பாடமே.

தாமதத்தின் விலை

1958 செப்டம்பரில் ஆலை தன் கழிவுநீரை விரிகுடாவிலிருந்து மினமாட்டா ஆற்றின் முகத்துவாரத்துக்குத் திருப்பியது. நஞ்சு திறந்த கடலில் பரவிற்று. அதுவரை நோய் காணாத வடக்குக் கரை ஊர்களிலும் புதிய நோயாளிகள் தோன்றினர்.

1959 ஜூலையில், நஞ்சு கரிமப் பாதரசமே என்று பல்கலைக்கழகம் அறிவித்தது. அதே மாதம் ஹொசோகாவா, அசிட்டால்டிஹைடுப் பிரிவின் கழிவுநீரை உணவில் கலந்து ஒரு பூனைக்குக் கொடுக்கத் தொடங்கினார். சோதனை வரிசையில் அது 400 ஆம் எண் பூனை. அக்டோபர் மாதம் அதற்கு நோய் கண்டது. ஆலையின் மருத்துவரே, ஆலையின் கழிவைக் கொண்டே உண்மையை மெய்ப்பித்துவிட்டார்! நிர்வாகம் அவர் சோதனையை நிறுத்திற்று, முடிவை மறைத்தது. 1970 இல், புற்றுநோயோடு மருத்துவமனைப் படுக்கையில் கிடந்த நிலையில்தான் அவர் நீதிமன்றத்துக்கு அதைச் சாட்சியமாகச் சொன்னார். அதே ஆண்டு அக்டோபரில் மறைந்தார்.

1959 நவம்பர் 12 அன்று சுகாதார அமைச்சகத்தின் ஆலோசனைக் குழுவும், நோய்க்குக் காரணம் கரிமப் பாதரசமே என்று தெரிவித்தது. ஆய்வு நடத்திய அதன் உட்குழு மறுநாளே கலைக்கப்பட்டது. டிசம்பரில் ஆலை ஒரு சுத்திகரிப்புப் பொறியை ஆரவாரத்தோடு திறந்துவைத்தது. பாதரசத்தை நீக்குவதற்கென்று அமைந்த பொறி அன்று அது. அம்மாத இறுதியில் நோயாளிகளோடு ஓர் ஒப்பந்தம் எழுதப்பட்டது. இறந்தவர் ஒருவருக்கு 3 இலட்சம் யென். பின்னாளில் ஆலையே காரணம் என்று தெரியவந்தாலும் மேற்கொண்டு எதுவும் கேட்பதில்லை என்று ஒரு விதி. வறுமை அதில் கையெழுத்திட்டது. 1973 மார்ச் 20 அன்று குமமோட்டோ மாவட்ட நீதிமன்றம், அந்த ஒப்பந்தம் பொது ஒழுக்கத்துக்கு முரணானது, செல்லாது என்று தீர்ப்பளித்தது.

1960 முதல் மாகாணச் சுகாதார ஆய்வகம் கடலோர மக்களின் தலைமயிரை எடுத்துப் பாதரச அளவைச் சோதித்தது. ஒரு தீவில் வாழ்ந்த பெண்ணின் மயிரில் பத்து இலட்சத்தில் 920 பங்கு இருந்தது. 50 பங்கு இருந்தாலே ஆபத்து என்று உலக சுகாதார நிறுவனம் பின்னாளில் கணித்தது. அளந்தார்கள், எழுதினார்கள், அதன்மேல் நடவடிக்கை எடுக்கவில்லை. 1962 இல், பிறவியிலேயே முடங்கியிருந்த குழந்தைகள் 16 பேர், தாயின் கருவில் இருந்தபோதே நஞ்சுண்டவர்கள் என்று ஏற்கப்பட்டனர். அவர்களுள் ஒருவரும் ஒரு மீன் துண்டையேனும் வாயிலிட்டு நோயை வரவழைத்துக்கொண்டவர் அல்லர்.

1965 இல் நீகாட்டா மாகாணத்தில், அகனோ ஆற்றங்கரையில், வேறோர் ஆலையால் இதே நோய் தோன்றியது. அங்கே மாகாண நிர்வாகம் பல்கலைக்கழகத்தோடு இணைந்து வீடு வீடாகச் சென்றது; மயிரைச் சோதித்தது; ஆற்று மீனைத் தவிர்க்கச் செய்தது; கருவுறும் வயதுப் பெண்களுக்குத் தனியே அறிவுரை தந்தது. மினமாட்டாவில் செய்திருக்க வேண்டியதும் இதுவே.

சிஸ்ஸோ ஆலை அந்த உற்பத்தி முறையை 1968 மே மாதம் கைவிட்டது. உற்பத்தி நின்ற பிறகு, செப்டம்பர் 26 அன்று, ஆலைக் கழிவே காரணம் என்று அரசு ஒப்புக்கொண்டது. முதல் அறிவிப்புக்கும் இதற்கும் இடையே 12 ஆண்டு! சட்டப்படி நோயாளிகள் என்று சான்று பெற்றவர்கள் அப்பகுதியில் மட்டும் 2,200 பேருக்கு மேல். சான்று கிட்டாமல் வழக்காடியவர்கள் அதைவிடப் பன்மடங்கினர். விரிகுடாவின் நச்சுச் சேற்றை வாரி 58 ஹெக்டேர் பரப்பைத் தூர்க்கும் வேலை 1977 முதல் 1990 வரை நடந்தது. 2004 அக்டோபர் 15 அன்று ஜப்பானின் உச்ச நீதிமன்றம், 1959 இறுதிக்குப் பின்னும் தடுக்காமல் விட்டதற்கு நடுவண் அரசும் மாகாணமும் பொறுப்பு என்று தீர்ப்பளித்தது.

நமக்குரிய பாடம்

பாதரசத்தைக் கட்டுப்படுத்த 2013 இல் உருவான உலக உடன்படிக்கை மினமாட்டாவின் பெயரையே தாங்கியுள்ளது. இந்தியா 2018 இல் அதை ஏற்று உறுதிசெய்தது. நம் மாநிலத்தில் 1939 ஆம் ஆண்டின் பொதுச் சுகாதாரச் சட்டம் உண்டு. இந்திய மாகாணங்களில் இத்தகைய சட்டங்களுக்கு முன்னோடி அது. சட்டம் ஜப்பானிலும் இருந்தது என்பதை நாம் மறத்தலாகாது.

பதவி ஓர் அமானிதம். இட்டோவும் ஹொசோகாவாவும் தங்களுக்கு எட்டிய உண்மையைக் கண்டார்கள். அவர்கள் கண்டதை ஆணையாக்கும் அதிகாரம் பெற்றிருந்தவர்கள், முழுச் சான்று வரட்டும் என்று மேலிடத்தின் முகம் பார்த்து நின்றார்கள். முழுச் சான்று வந்தது. மனித உடல்களின்மேல் எழுதப்பட்டு வந்தது. கடலை நம்பி வாழும் நம் ஊர்களிலும், மீன் மிதக்கிறது, கிணற்று நீர் நிறம் மாறுகிறது என்று கரையில் வாழ்பவர்கள் வந்து சொன்னால், சொன்னதைப் பதிவு செய்யவும், ஐயத்துக்குரியதை முதலில் நிறுத்தி வைத்துப் பிறகு ஆராயவும், நிறுத்திய நாள்களுக்கு அவர்கள் பிழைப்புக்கு வழி செய்யவும் நம் உள்ளாட்சிகள் ஆயத்தமாக இருக்க வேண்டும். அவ்வாறு இருக்கின்றனவா என்று கேட்டுக்கொண்டே இருப்பது ஊரார் கடமை.