ஐந்து பெண்செடிகளின் கடற்பயணம்

இன்று வீட்டுத் தோட்டங்களில் வளரும் பெரும்பழ ஸ்ட்ராபெர்ரி எந்தக் காட்டிலும் தானாக முளைத்த செடி அன்று. வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதிக்குரிய வர்ஜீனிய இனமும், தென் அமெரிக்காவின் சிலி இனமும் 18ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியத் தோட்டங்களில் கலந்து தோன்றிய கலப்பினம் அது.

சிலி இனத்தை அந்நாட்டின் பூர்வகுடிகளான மப்புச்சே மக்கள் நெடுங்காலமாகப் பயிரிட்டு வந்தனர். பசிபிக் கரையிலிருந்த ஸ்பானியக் கோட்டைகளை உளவறிய 1712இல் பிரெஞ்சு அரசால் அனுப்பப்பட்ட பொறியாளர் அமெதே பிரான்சுவா ஃப்ரெசியே, கொன்செப்சியோன் நகரில் அப்பழங்களின் பருமனைக் கண்டு வியந்து, சில செடிகளைக் கப்பலில் ஏற்றினார். குடிநீர் அரிதான ஆறு மாதப் பயணத்துக்குப் பின், 1714இல் மார்செய் துறைமுகத்தை அடைந்தபோது எஞ்சியவை ஐந்தே செடிகள். அவற்றில் இரண்டு, செடிகளுக்கு நன்னீர் கிடைக்கச் செய்த சரக்குப் பொறுப்பாளருக்குச் சென்றன. தண்ணீருக்கு அது நியாயமான விலையே.

ஸ்ட்ராபெர்ரி, வல்லாரையைப் போல, ஓடுதண்டுகளால் பெருகுவது. அதாவது, தாய்ச்செடியிலிருந்து தரையோடு நீளும் மெல்லிய தண்டு, கணுக்களில் வேர்விட்டுச் சேய்ச்செடிகளை ஈன்றுகொண்டே செல்லும். இவ்வாறு பிறப்பவை மரபிலும் பாலினத்திலும் தாயின் நகல்களே என்பதால், ஐந்து செடிகள் எளிதில் பலவாயின; ஆயினும் அவை பூத்தனவேயன்றிக் காய்க்கவில்லை. சிலி இனத்தில் ஆண்பூவும் பெண்பூவும் பெரும்பாலும் வெவ்வேறு செடிகளில் தோன்றுபவை. பெரும்பழம் தாங்கி நின்ற செடிகளையே ஃப்ரெசியே தேர்ந்திருக்க வேண்டும் என்பதால், வந்தவை அனைத்தும் பெண்செடிகளாகவே அமைந்தன. மகரந்தம் கிட்டாத பூவில் விதைகள் உருவாவதில்லை. விதைகள் இன்றேல், பழமென உண்ணப்படும் பூத்தளமும் பருப்பதில்லை. தோட்டக்காரர்கள் மண்ணையும் பருவத்தையும் பழித்தபோது, அவர்கள் நம்பிய ஓடுதண்டே மலட்டுத்தன்மையையும் சேர்த்துப் பெருக்கிக்கொண்டிருந்தது.

விடை பிரித்தானிப் பகுதியின் புளூகாஸ்தெல் வயல்களில் கிடைத்தது. அங்கே சிலிச் செடிகளின் அருகே வர்ஜீனியச் செடிகளும் நடப்பட்டபோது பழங்கள் திரண்டன. அதன் காரணத்தைத் தெளிவாக விளக்கியவர் வெர்சாயைச் சேர்ந்த அந்துவான் நிக்கோலா துஷேன். பதினேழாம் வயதிலேயே, 1764இல், வேற்றினத்தின் மகரந்தத்தைக் கொண்டு சிலிச் செடியில் விளைவித்த பழங்களை மன்னர் பதினைந்தாம் லூயியிடம் அவர் காட்டினார். ஐரோப்பியத் தோட்டங்களில் பரவியிருந்த, அன்னாசி மணம் வீசிய புதிய ஸ்ட்ராபெர்ரி வர்ஜீனிய, சிலி இனங்களின் கலப்பே என்பதையும் 1766இல் வெளியிட்ட நூலில் அவர் இனங்கண்டார். அக்கலப்பு எளிதில் வேரூன்றியதற்கான அடிப்படை பின்னரே புலப்பட்டது: இரண்டிலும் குரோமோசோம்கள், அதாவது மரபுப் பண்புகளைச் சுமக்கும் இழைகள், 56, ஐரோப்பியக் காட்டு ஸ்ட்ராபெர்ரியிலோ 14 மட்டுமே.

பின்வந்த வளர்ப்பாளர்கள் இருபால் பூக்கள் உடைய வகைகளைத் தேர்ந்து நிலைநிறுத்தியதால், இன்று ஓடுதண்டின் நுனியை மண்தொட்டியில் அழுத்தி வேரூன்றச் செய்து, பின்னர் தாயிடமிருந்து வெட்டிப் பிரிக்கும் வீட்டுத் தோட்டக்காரர், துணைச்செடியைத் தேட வேண்டியதில்லை.