மக்காச்சோளத் தட்டை, கடலைத்தோல், கோழி எரு... கொங்கு மண்டலத்தில் எது எரிபொருள் ஆகுது?

உடுமலை, பல்லடம் பக்கம் மானாவாரி மக்காச்சோளம் தை, மாசியில் அறுவடை முடிந்ததும் தட்டை காட்டிலேயே நிற்கும். சிலர் மாட்டை விட்டு மேய்ப்பாங்க. சிலர் ரோட்டவேட்டர் ஓட்டி மண்ணோடு கலந்துடுவாங்க. அடுத்த போகத்துக்கு அவசரம் என்றால் தீ வைப்பதும் உண்டு. அந்தத் தட்டையை காசாக்க வழி இல்லையா?

இருக்கு. ஆனால் எல்லா கழிவுக்கும் இல்லை.

பாய்லருக்குப் போகும் கட்டை

திருப்பூர், ஈரோடு சாயப்பட்டறைகளில் நீராவிக்கு பாய்லர் எரியணும். விறகோடு சேர்த்து 'பிரிக்கெட்' என்ற அழுத்தக் கட்டையும் இதற்குப் போகுது. நிலக்கடலைத் தோல், மரத்தூள், பருத்திமார் போன்றவற்றை பொடியாக்கி, காயவைத்து, மெஷினில் அதிக அழுத்தத்தில் இடிப்பாங்க. பசை எதுவும் சேர்ப்பதில்லை. அழுத்தத்தில் வரும் சூட்டில் தாவரத்தில் இருக்கும் லிக்னின் இளகி, அதுவே பசை ஆகிவிடும். ஈரம் கூடினால் கட்டை உதிர்ந்துவிடும் என்பதால் காயவைப்பதுதான் பாதி வேலை.

கடலைத்தோல் உடைப்பு மில்லிலேயே மொத்தமாகக் கிடைக்கும். மக்காச்சோளத் தட்டை அப்படியில்லை. ஏக்கர் ஏக்கராக அறுத்து, கட்டி, ஏற்றணும். வண்டி நிறைந்தாலும் எடை ஏறாது. லாபம் வாடகையிலேயே போயிடும்.

கேஸ் எப்படி?

நாமக்கல் மாவட்டம் புதுச்சத்திரத்தில் நாளுக்கு 15 டன் அழுத்தப்பட்ட உயிரி எரிவாயு தயாரிக்கும் திறனுடன் ஆலை இருக்கு. மத்திய அரசு 2018 அக்டோபரில் தொடங்கிய 'சதத்' திட்டத்தின் கீழ், 2020-ல் இந்த கேஸ் சேலம், நாமக்கல் பகுதி இந்தியன் ஆயில் பங்க்குகளில் விற்பனைக்கு வந்தது.

மூலப்பொருள் தட்டை அல்ல. கோழி எருவும், சர்க்கரை ஆலையில் மிஞ்சும் பிரஸ்மட்டும்தான் முக்கியம். இரண்டும் ஒரே இடத்தில் குவிந்து கிடக்கும், பாக்டீரியாவுக்கும் சுலபமாகச் செரிக்கும். காற்றில்லாத தொட்டியில் ஊறி வரும் வாயுவில் மீத்தேன் பாதிக்குக் கொஞ்சம் மேல்தான். கார்பன் டை ஆக்சைடையும் ஹைட்ரஜன் சல்பைடையும் பிரித்து, 90 சதவீதத்துக்கு மேல் மீத்தேன் ஆக்கினால்தான் வண்டிக்கு ஆகும். கொங்கு மக்காச்சோளம் கோழித் தீவனமாகி, எருவாகி, கேஸாகவும் ஆகுது. தட்டை மட்டும் காட்டிலேயே நின்னுடுது!

வைக்கோலில் எத்தனால்?

அரியானாவின் பானிபட்டில் இந்தியன் ஆயில் அமைத்த ஆலை 2022 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. ஆண்டுக்கு 2 லட்சம் டன் வைக்கோலில் 3 கோடி லிட்டர் எத்தனால் என்பது இலக்கு; செலவு சுமார் 900 கோடி ரூபாய். அங்கே வைக்கோலை எரிக்கும் புகைதான் பிரச்சினை. இங்கே வைக்கோலும் சோளத்தட்டும் போர் போட்டு வைக்கிற மாட்டுத்தீவனம். வறட்சி வந்தால் அதுக்கே தட்டுப்பாடு. ஆலைக்கு அனுப்பினால் முதல் அடி பால்மாடு வச்சிருப்பவருக்குத்தான்.

விற்கும் முன் என்ன பார்க்கணும்?

தட்டையை மொத்தமாக அள்ளினால் அதிலுள்ள சாம்பல்சத்தும் காட்டை விட்டுப் போயிடும், அதை உரமாக வாங்கிப் போடணும். வியாபாரி வந்து கேட்டால் விலை ஏக்கருக்கா எடைக்கா, அறுப்புக்கூலியும் ஏற்றுக்கூலியும் யார் தலையில், ஈரத்துக்கு எவ்வளவு கழிப்பாங்க என்பதை முதலிலேயே பேசிக்கணும்.