கடலைப் பிரிந்தும் ஓதம் அறியும் நண்டு

கடற்கரையில் ஓதம் எட்டும் எல்லைக்குள் வாழும் உயிர்களுக்குப் பகல் இரவுக் கணக்கு மட்டும் போதாது. சூரியன் உச்சிக்கு வந்து மீண்டும் உச்சிக்கு வர 24 மணி நேரம் ஆகிறது. நிலவுக்கோ ஏறத்தாழ 24 மணி 50 நிமிடம். எனவே பெரும்பாலான கரைகளில் சுமார் 12.4 மணி நேரத்துக்கு ஒருமுறை கடல் ஏறி வற்றுகிறது. ஏற்ற நேரம் நாளுக்கு நாள் ஐம்பது நிமிடம் பிந்திக்கொண்டே போகிறது. அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டி ஏற்றமும் வற்றமும் மிகும். அட்டமியை ஒட்டித் தணியும். இப்படி நகர்ந்துகொண்டே இருக்கும் நேரத்துக்கு இசைந்துதான் நண்டும் சிப்பியும் புழுவும் இரை தேடுகின்றன, ஒளிகின்றன, இனம் பெருக்குகின்றன. அந்த நேர உணர்வு உடலுக்குள்ளேயே இருக்கிறதா, வெளியிலிருந்து வருகிறதா என்ற கேள்வி இருபதாம் நூற்றாண்டில் பல தலைமுறை உயிரியலாளர்களை வேலை வாங்கியது.

நிலவுக்கும் கடல் உயிர்களுக்கும் தொடர்பு உண்டு என்ற நம்பிக்கை மிகப் பழையது. பௌர்ணமியில் கடல் முள்ளெலியின் முட்டைத் திரள் பருத்திருக்கும் என்று அரிஸ்டாட்டில் எழுதினார். மத்தியதரைக் கடலோர மீன் சந்தைகளில் அந்த நம்பிக்கை இரண்டாயிரம் ஆண்டுகளுக்குப் பிறகும் நிலைத்திருந்தது. ஆங்கில விலங்கியலாளர் எச். மன்ரோ ஃபாக்ஸ் 1924இல் வெளியிட்ட ஆய்வில் அதைச் சோதித்துப் பார்த்தார். செங்கடல் முனையில் உள்ள சூயஸில், நீண்ட முட்கள் கொண்ட ஒரு கடல் முள்ளெலி இனம் உண்மையிலேயே நிலவை ஒட்டி முட்டையிடுவதை அவர் கண்டார். மத்தியதரைக் கடல் இனத்தில் அப்படி எதுவும் இல்லை. நம்பிக்கை ஒரு கடலில் மெய்யாகவும் பக்கத்துக் கடலில் பொய்யாகவும் இருந்தது. உயிர்களின் தாளத்தை இனத்துக்கு இனம், கரைக்குக் கரை தனித்தனியே அளந்துதான் அறிய முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

ஓதத் தாளத்தின் ஆய்வக வரலாறு பிரான்சின் பிரிட்டனி கரையில் உள்ள ரோஸ்காஃபில் தொடங்குகிறது. அங்கே 1872இல் நிறுவப்பட்ட கடலாய்வு நிலையத்தின் அருகே, சில மில்லிமீட்டர் நீளமே உள்ள பச்சைப் புழு ஒன்று மணலில் திரளாக வாழ்கிறது. கொன்வொலூட்டா என்று அறியப்பட்ட அந்தப் புழுவின் உடலுக்குள் பாசிகள் குடியிருக்கின்றன. கடல் வற்றும்போது அது மணலின் மேல் வந்து பாசிகளுக்கு வெயில் காட்டும்; அலை திரும்புமுன் மணலுக்குள் இறங்கிவிடும். ஜார்ஜ் போன் 1903இல் இந்தப் புழுக்களை ஓதமில்லாத தொட்டியில் வைத்துப் பார்த்தார். வெளியே கடல் வற்றும் நேரத்தில் அவை தொட்டி மணலிலும் மேலே வந்தன. ஏறும் நேரத்தில் கீழிறங்கின. அலையும் இல்லை, ஈர மாற்றமும் இல்லை. தாளம் மட்டும் தொடர்ந்தது.

அடுத்த பெரிய கட்டம் அமெரிக்காவில் அமைந்தது. நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஃபிராங்க் பிரவுன், ஆண்களுக்கு ஒரு கொடுக்கு மட்டும் பெருத்திருக்கும் ஃபிட்லர் நண்டுகளைக் கொண்டு வேலை செய்தார். இந்த நண்டின் மேனி பகலில் கருத்து இரவில் வெளுக்கும். இருட்டறையில் அடைத்தாலும் அந்த மாற்றம் நிற்பதில்லை. பிரவுனும் மார்கரெட் வெப்பும் 1948இல் வெளியிட்ட கட்டுரை முக்கியமானது. 6 பாகை முதல் 26 பாகை செல்சியஸ் வரை வெப்பநிலையை மாற்றியும் அந்தத் தாளத்தின் 24 மணி நேர அளவு மாறவில்லை. வேதிவினை எதுவும் சூடேறினால் விரையும், இது விரையவில்லை. உடல் காட்டும் நேரத்தைக் கடிகாரம் என்று அழைக்கும் துணிவு இத்தகைய கண்டுபிடிப்புகளால்தான் வந்தது.

பிரவுன் இதிலிருந்து எடுத்த முடிவு வேறு. வெப்பத்துக்கு அசையாத தாளம் வெளியிலிருந்தே வர வேண்டும், பூமியின் ஏதோ நுண்ணிய மாற்றத்தை உயிர்கள் உணர்கின்றன என்று அவர் கருதினார். 1954இல் வெளியான சிப்பிச் சோதனையை அதற்குச் சான்றாக முன்வைத்தார். அட்லாண்டிக் கரையின் நியூ ஹேவனிலிருந்து சிப்பிகளை ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால், கடலே இல்லாத எவன்ஸ்டனுக்குக் கொண்டுவந்து இருளில் வைத்தார். முதல் இரண்டு வாரம் அவை நியூ ஹேவன் ஏற்றத்தின்படி ஓடு திறந்தன. பிறகு சுமார் மூன்று மணி நேரம் நகர்ந்து, எவன்ஸ்டனில் நிலவு உச்சிக்கு வரும் நேரத்துக்கு மாறின. பலர் இதை ஏற்கவில்லை. அவருடைய கணக்கு முறையையே லாமான்ட் கோல் 1957இல் ‘சயன்ஸ்’ இதழில் சோதனைக்கு உட்படுத்தினார். வெறும் தற்செயல் எண்களை அதே முறையில் செலுத்தி, கற்பனை விலங்கான ஒற்றைக்கொம்புக் குதிரைக்கும் ஒரு தாளம் கிடைப்பதை அவர் காட்டினார். பிரவுனின் விளக்கம் நிலைக்கவில்லை. ஆனால் அவரை மறுக்க வேண்டியிருந்ததால்தான் மற்றவர்கள் தங்கள் சோதனைகளைக் கடுமையாக அமைத்தார்கள். அந்தக் கடன் வரலாற்றில் பதிய வேண்டியதே.

மறுப்பின் வலுவான பகுதி வேல்ஸின் சுவான்சீயிலிருந்து வந்தது. எர்னஸ்ட் நெய்லர், ஐரோப்பியக் கரைகளில் எங்கும் கிடைக்கும் பச்சைக் கரை நண்டைத் தேர்ந்தெடுத்தார். நண்டு நகர்ந்தால் சாயும்படி அமைத்த பெட்டி ஒவ்வோர் அசைவையும் பதிந்துகொண்டது. கரையிலிருந்து பிடித்த நண்டுகள், நீர் ஏறாத ஆய்வகத்திலும் ஏற்ற நேரத்தில் சுறுசுறுப்பாயின. இரவில் வரும் ஏற்றத்தில் இன்னும் அதிகமாக நடமாடின. அதாவது ஓதத் தாளமும் நாள் தாளமும் ஒரே உடலில் சேர்ந்து இயங்கின. இது 1958இல் வெளியானது. இரண்டு ஆண்டுகள் கழித்து, நீர்மட்டம் மாறாமல் கதவுகளால் அடைக்கப்பட்ட கப்பல்துறையில் வாழ்ந்த நண்டுகளை அவர் சோதித்தார். அவற்றிடம் நாள் தாளம் இருந்தது, ஓதத் தாளம் இல்லை.

தாளம் அழிந்துவிட்டதா, உறங்குகிறதா? நண்டுகளைச் சில மணி நேரம் 4 பாகை செல்சியஸ் குளிரில் வைத்து எடுத்தபோது ஓதத் தாளம் மீண்டும் கிளம்பியது. 1967இல் பார்பரா வில்லியம்ஸும் நெய்லரும் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். முட்டையிலிருந்து ஆய்வகத்திலேயே வளர்ந்த, ஓதத்தையே காணாத நண்டுகளையும் ஒரே ஒரு குளிரூட்டல் 12.4 மணித் தாளத்துக்கு அருகே கொண்டுவந்தது. கற்றுக்கொள்ள வாய்ப்பே இல்லாத உயிரிடம் அந்தத் தாளம் எழுந்ததால், அது பிறப்பிலேயே உள்ளது என்பதை மறுப்பது கடினமானது. இந்த வரலாற்றில் மிக அழகான சோதனை இதுதான்.

இதே ஆண்டுகளில் இந்தியர்களின் பங்கும் சேர்ந்தது. கே. பம்பாபதி ராவ், பாறையில் ஒட்டி வாழும் மஸ்ஸல் சிப்பிகள் ஏற்ற நேரத்தில் வேகமாக நீரை இறைப்பதையும், இடம் மாற்றினாலும் பழைய கரையின் நேரத்தைச் சிலகாலம் காப்பதையும் 1954இல் காட்டினார். சென்னைக் கரையில், அலை புரளும் மணலில் புதைந்து உணர்கொம்புகளால் இரையை வடிகட்டும் எமெரிடா என்னும் சிறு மணல் நண்டை எம். கே. சந்திரசேகரன் ஆராய்ந்தார். அதன் நடமாட்டம், ஆக்சிஜன் நுகர்வு இரண்டிலும் ஓதத் தாளமும் நாள் தாளமும் ஆய்வகத்திலும் நீடிப்பதை 1965இல் அவர் வெளியிட்டார். ஓதத்தின் உயரம் மிகக் குறைவாக உள்ள கரையில் இது தெரியவந்தது கவனிக்கத் தக்கது. பின்னாளில் அவர் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் உயிர்த் தாள ஆய்வுக்கு ஒரு வலுவான மரபை உருவாக்கினார்.

கடிகாரம் உள்ளே இருந்தாலும், அதைத் திருத்த வெளிச் சைகை வேண்டும். கலிபோர்னியாவில் ஜேம்ஸ் என்ரைட், மணலில் வாழும் ஐசோபாடு என்னும் சிறு ஓட்டுடலிகளுக்கு அலையின் குலுக்கலே அந்தச் சைகை என்று 1965இல் காட்டினார். கரை நண்டுக்கு நீரழுத்த ஏற்ற இறக்கமும் உவர்ப்பு மாற்றமும் வெப்ப மாற்றமும் உதவுகின்றன. ஜெர்மனியின் டீட்ரிஷ் நாய்மன், முதிர்ந்தபின் சில மணி நேரமே உயிர்வாழும் கடல் பூச்சியான க்ளூனியோவில், பெரு வற்றத்தன்று வெளிவரும் நாளை நிலவொளியும் ஓதமும் குறித்துக் கொடுப்பதைக் கண்டார்.

இயந்திரம் எத்தகையது என்பதில் நெய்லரும் அமெரிக்கரான ஜான் பால்மரும் நெடுங்காலம் முரண்பட்டனர். 12.4 மணி நேர ஓதக் கடிகாரமும் 24 மணி நேர நாள் கடிகாரமும் தனித்தனியே உள்ளன என்றார் நெய்லர். நாளின் இரண்டு ஏற்றங்களுக்கு எதிரெதிர் நேரங்களில் இயங்கும், 24.8 மணி நேர அளவுள்ள இரண்டு கடிகாரங்கள் உள்ளன என்றார் பால்மர். நியூசிலாந்துச் சேற்று நண்டுகளில் இரண்டு உச்சங்களும் வெவ்வேறு வேகத்தில் நகர்ந்ததை அவர் ஆதாரமாகக் காட்டினார்.

2013இல் பிரிட்டிஷ் குழு ஒன்று யூரிடைஸ் என்னும் மணல் ஐசோபாடில் மரபணு வழியே இந்தக் கேள்வியைத் தொட்டது. நாள் கடிகாரத்துக்குத் தேவையான ‘பீரியட்’ மரபணுவை அடக்கியபோது, மேனி நிறம் நாள்தோறும் மாறும் தாளம் குலைந்தது. நீந்தும் ஓதத் தாளம் குலையவில்லை. இடைவிடாத பிரகாசமான ஒளியிலும் அதே விளைவு. ஆனால் கேசீன் கைனேஸ் என்னும் நொதியைத் தடுக்கும் மருந்து இரண்டு தாளங்களையும் ஒருசேர நீட்டியது. ஓதக் கடிகாரம் நாள் கடிகாரத்தைச் சார்ந்து ஓடவில்லை. எனினும் இரண்டிலும் அந்த நொதி வேலை செய்கிறது.