சிலுவை வாளும் செங்கோலும்

வாளேந்தியவன் மன்னனுக்கு அடங்குவான். துறவு பூண்டவன் இறைவனுக்கன்றி எவர்க்கும் அடங்கான். இவ்விரு நிலைகளும் ஒருவரிடத்தே கூடுமாயின் அவர் யாருக்கு அடங்குவார்? இடைக்கால ஐரோப்பாவில் இது வெறும் ஏட்டு வினாவாக நிற்கவில்லை. ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் அரசர்களின் அருகிருந்து, ஓர் அரசனின் கையாலேயே அழிந்த டெம்பிளர் சபையின் வரலாறு இதற்குக் கிடைத்த விடைகளுள் ஒன்று. அவ்விடை பொன்னாலும் வாளாலும் மட்டுமன்றி, வதைத்துப் பெற்ற சொற்களாலும் எழுதப்பட்டது. ஆதலின் சொல்லைப் போற்றும் நம் வட்டத்தார் இவ்வரலாற்றைச் சற்றே நின்று நோக்குதல் தகும்.

சபையின் தோற்றம்

கி.பி. 1099இல் சிலுவைப் போர் வீரர்கள் ஜெருசலேமைக் கைப்பற்றினர். அங்குச் செல்லும் யாத்திரிகர்களை வழிப்பறியினின்று காக்கும் பொருட்டு, 1119ஆம் ஆண்டளவில் ஊக் தெ பேயன் என்னும் பிரெஞ்சு வீரரின் தலைமையில் சிலர் ஒன்றுகூடினர். வறுமை, கற்பு, கீழ்ப்படிதல் என்னும் துறவியர் நோன்புகளை ஏற்ற அவர்கள் வாளையும் கைவிடவில்லை. ஜெருசலேம் மன்னர் இரண்டாம் பால்டுவின், அல் அக்சா மசூதிக் கட்டடத்தில் அவர்களுக்கு உறைவிடம் அளித்தார். அதனைச் சாலமோன் ஆலயம் எனச் சிலுவைப் போரினர் வழங்கியமையால், ஆலயத்தைக் குறிக்கும் 'டெம்பிள்' என்ற சொல்லே சபைக்கும் பெயராயிற்று.

சபை நிழல் தேடியது அரண்மனையில். வேர் ஊன்றியதோ ரோமாபுரியில். 1129இல் துருவா நகரில் கூடிய திருச்சபைப் பேரவை அதற்கு ஒழுங்குமுறை வகுத்தது. 1139இல் போப்பாண்டவர் இரண்டாம் இன்னசெண்ட், தசமபாக வரியினின்றும் மறைமாவட்ட ஆயர்களின் அதிகாரத்தினின்றும் அதற்கு விலக்களித்தார். போப்பாண்டவர் ஒருவருக்கே சபை பொறுப்புடையதாயிற்று. எந்த மன்னனுடைய நாட்டில் அதன் கோட்டையும் நிலமும் இருந்தனவோ, அம்மன்னனுக்கு அது முழுக் குடியன்று. இவ்வுரிமையே பின்னாளில் அதற்குப் பகையாகவும் முடிந்தது.

மன்னனின் சாவி

கீழ்த்திசைப் போருக்குப் பொருள் அனுப்பிப் பழகிய சபை, காலப்போக்கில் அரசர்களின் கருவூலக் காப்பாளராயிற்று. 1190இல் சிலுவைப் போருக்குப் புறப்பட்ட பிரெஞ்சு மன்னர் இரண்டாம் பிலிப், தம் வருவாயைப் பாரிஸ் நகர் டெம்பிளர் மாளிகையில் வைக்குமாறு கட்டளையிட்டார். பிற்காலத்து மன்னர்களும் அவ்வழியே சென்றனர்.

அரசுக்கும் சபைக்கும் இடையே இருந்த உறவின் நுட்பத்தை உணர்த்த ஒரு நிகழ்ச்சி போதும். 1250இல் ஒன்பதாம் லூயி மன்னர் எகிப்தில் சிறைப்பட்டார். மீட்புத் தொகையை எண்ணுகையில் 30,000 லீவர் குறைந்தது. மன்னரின் தோழரும், பின்னர் அவர் வரலாற்றை எழுதியவருமான ஜான்வில், டெம்பிளரிடம் கடன் கேட்டார். தங்களிடம் உள்ளது பிறர் ஒப்படைத்த பொருள் என்றும், உரியவர்க்கன்றிப் பிறர்க்கு அளிப்பதில்லை என ஆணையிட்டிருப்பதாகவும் கூறி அவர்களுள் ஒரு தலைவர் மறுத்தார். சபையின் தளபதியோ, 'ஆணையை நாங்கள் மீற இயலாது. நீங்களே வலிந்து எடுத்துக்கொண்டால் தடுப்பார் யார்?' என்னும் கருத்துப்பட வழி காட்டினார். ஜான்வில் அவர்களது கப்பலில் இறங்கி, அங்குக் கிடந்த கோடரியை எடுத்து, 'இதுவே மன்னரின் சாவி' என்றார். உடனே உண்மைச் சாவி அவர் கைக்கு வந்தது.

ஆணையும் பிழைத்தது, அரசனும் பிழைத்தான். கோடரி ஓங்கப்பட்டதேயன்றி விழவில்லை. 57 ஆண்டுகள் கழித்து அதே லூயியின் பேரர் நான்காம் பிலிப் ஓங்கிய கோடரியோ விழுந்தே தீர்ந்தது.

வீழ்ச்சி

1291இல் ஏக்கர் நகரம் வீழ்ந்தது. புனித பூமியைக் காக்கத் தோன்றிய சபைக்குக் காக்க நிலமில்லை. ஐரோப்பாவில் செல்வம் மட்டும் எஞ்சியது. பிலிப்பின் நிலையோ நேர்மாறானது. இங்கிலாந்தோடும் பிளாண்டர்சோடும் நிகழ்த்திய போர்களால் அவர் கருவூலம் வறண்டிருந்தது. நாணயத்தின் மதிப்பைக் குறைத்தார். 1306இல் யூதர்களை நாடு கடத்தி அவர்கள் உடைமையைக் கவர்ந்தார். அவ்வாண்டு நாணய மாற்றத்தால் பாரிஸ் மக்கள் கிளர்ந்தெழுந்தபோது அவர் தஞ்சம் புகுந்த இடம் டெம்பிளர் கோட்டையே.

1307 அக்டோபர் 12ஆம் நாள் மன்னர் குடும்பத்துப் பெண்மணி ஒருவரின் இறுதிச் சடங்கில் சபைத் தலைவர் ஜாக் தெ மோலே மதிப்புக்குரிய இடம் பெற்றார். மறுநாள் விடியலில் அவரும் பிரான்சு முழுதுமுள்ள டெம்பிளர்களும் சிறைப்பிடிக்கப்பட்டனர். கைது ஆணை ஒரு மாதத்துக்கு முன்பே மறைவாக அனுப்பப்பட்டிருந்தது. கிறிஸ்துவை மறுத்தனர், சிலுவை மீது உமிழ்ந்தனர், உருவத்தலை ஒன்றை வணங்கினர் என்பன குற்றச்சாட்டுகள். பொருளாசையே காரணம் என்பாரும், திருச்சபைக்கும் தாமே காவலர் எனக் கருதிய மன்னரின் பெருமிதமே காரணம் என்பாரும் உளர்.

பாரிசில் விசாரிக்கப்பட்ட 138 பேருள் 134 பேர் குற்றத்தை ஒப்புக்கொண்டனர். ஒப்புதல் பிறந்த வழியைப் பின்னாளில் அவர்களே உரைத்தனர். போப்பாண்டவர் அமைத்த ஆணைக்குழுவின் முன் ஒருவர், நெருப்பில் வாட்டிய தம் பாதங்களிலிருந்து உதிர்ந்த எலும்புகளை எடுத்துக் காட்டினார். சபைக்காக வாதாட ஏறத்தாழ 600 பேர் முன்வந்தனர்.

அப்போதுதான் சட்டத்தின் கொடிய பொறி வெளிப்பட்டது. ஒப்புக்கொண்டவன் மன்னிப்புப் பெறலாம். ஒப்பியதை மறுத்தவனோ மீண்டும் நெறி தவறியவன் ஆவான். அவனுக்குத் தீயே கதி. 1310 மே 12ஆம் நாள் 54 பேர் பாரிசுக்கு வெளியே எரிக்கப்பட்டனர். தீர்ப்பு வழங்கிய பேராயர், மன்னரின் நெருங்கிய அமைச்சர் ஒருவரின் உடன்பிறந்தார். எரிக்கப்பட்டோர் வண்டிகளில் கொண்டு செல்லப்பட்டதைக் கண்ட ஒரு டெம்பிளர், மறுநாள் ஆணைக்குழுவின் முன் நடுங்கி நின்று, 'கேட்டால் இறைவனையே நான்தான் கொன்றேன் என்றும் சொல்வேன்' என்னும் பொருள்படக் கூறினார். சபைக்காக வாதாட வந்த குரல்கள் விரைவில் அடங்கின.

1312இல் போப்பாண்டவர் ஐந்தாம் கிளமெண்ட் சபையைக் கலைத்தார். குற்றத் தீர்ப்பாக அன்று, நிருவாக ஆணையாகவே. சொத்துகள் ஓஸ்பிட்டலர் சபைக்குச் செல்ல, 2,00,000 லீவரை ஈடாகப் பெற்றது பிரெஞ்சு அரசு. 1314 மார்ச்சில் மோலேயும் நார்மண்டித் தலைவர் ஜெப்ரே தெ சார்னேயும், வாழ்நாள் சிறையை ஏற்றிருந்தால் உயிர் பிழைத்திருக்கலாம். பொதுமக்கள் முன் தம் ஒப்புதலை மறுத்துத் தீயை ஏற்றனர். 1308இல் கிளமெண்டின் கர்தினால்கள் சீனோன் கோட்டையில் மோலே முதலானோர்க்குப் பாவமன்னிப்பு வழங்கியதைக் கூறும் தோல் ஏடு, 2001இல்தான் வத்திக்கான் காப்பகத்தில் இனங்காணப்பட்டது.

பாடிய மன்னர்

எல்லா அரசும் இவ்வழி செல்லவில்லை. போர்த்துகல் மன்னர் தினிஸ், போப்பாண்டவரிடம் வாதாடி 1319இல் கிறிஸ்து சபை என்னும் புதிய சபைக்கு ஒப்புதல் பெற்றார். டெம்பிளரின் உடைமைகள் அதற்குச் சேர்ந்தன. அவர்தம் தோமார்க் கோட்டை பின்னர் அதன் தலைமையிடமாயிற்று. ஆயினும் அங்கும் முடியே வென்றது. காலப்போக்கில் அச்சபை அரச குடும்பத்தின் கைக்குள் அடங்கியது. 1498இல் கோழிக்கோட்டுக் கரையை அடைந்த வாஸ்கோ ட காமாவின் பாய்களில் இருந்தது அச்சபையின் சிலுவையே. ஒன்று அழித்து அடக்கியது. மற்றொன்று அணைத்து அடக்கியது. அணைத்த மன்னர் ஏறத்தாழ 137 பாடல்களுக்கு உரியவரான கவிஞர் என்பது நம்மவர்க்கு உவகை தரும் செய்தி.

1307ஆம் ஆண்டு விசாரணையைப் பதிந்த நீண்ட தோல் சுருள் இன்றும் பாரிஸ் ஆவணக் காப்பகத்தில் உள்ளது. அதில் ஒப்பியவரும், பின்னர் ஆணைக்குழுவின் முன் அதை மறுத்தவரும் ஒரே மாந்தர். எழுதிய எழுத்தரும் பிழையின்றியே எழுதினர். முதற்சொல் வலி தீர வேண்டிப் பிறந்தது. பிற்சொல் தீக்கு அஞ்சாது பிறந்தது. எழுத்தில் இரண்டும் ஒரே நிறமுடையன. எச்சொல் எவ்விலை கொடுத்துச் சொல்லப்பட்டது என அறிந்தன்றோ அதனை எடையிட வேண்டும்!