சொந்த ஜனத்தையும் கேள்வி கேட்ட நிருபர்

நம்ம கல்லூரியில் பேனா பிடிக்கும் தம்பி தங்கைகளுக்கு ராண்டி ஷில்ட்ஸ் பற்றிச் சொல்ல ஆசைப்படுகிறேன். அமெரிக்காவில் ஆரெகன் பல்கலைக்கழக மாணவர் நாளிதழில் பயின்றவர். தன்பாலீர்ப்பாளர் என்பதை மறைக்காததால், 1975-ல் பட்டம் வாங்கியும் நிரந்தர வேலை கிடைக்கல. 1981-ல்தான் 'சான் பிரான்சிஸ்கோ கிரானிகிள்' சேர்த்துக்கொண்டது. அதே ஆண்டு எய்ட்ஸ் தலைகாட்டியது.

அரசின் மெத்தனத்தைச் சாடினார். அது பலரும் செய்வதுதான். தன்பாலீர்ப்பாளர்கள் கூடும் குளியல் விடுதிகளை மூடணும்னும் வாதாடினாரே, அதுக்குத்தான் நெஞ்சுரம் வேணும்! 'துரோகி' என்று காஸ்ட்ரோ பகுதியில் அவர்மேல் காறித் துப்பினார்கள்.

எழுத்து ஒருபக்கம் சாயக்கூடாதென்று, எய்ட்ஸ் பற்றிய நூலை 1987-ல் முடிக்கும்வரை தன் ரத்தப் பரிசோதனை முடிவைக் கேட்கவே இல்லை. முடித்ததும் தெரிந்தது, அவருக்கும் தொற்று. அந்நூல் பரப்பிய 'முதல் நோயாளி' கதை தவறென 2016-ல் மரபணு ஆய்வு காட்டியது. அதைப் பார்க்க அவர் இல்லை. 1994-ல், 42 வயதில் போய்விட்டார்.